பட்டனின் பதினெட்டாவது நகம்

தையல் பட்டறையில் அவரை எதிரே வைத்துக்கொண்டு மாஸ்டர் என்பார்கள். அந்தப் பக்கம் போனதும் பம்பரம் என்பார்கள். இரண்டும் பொருத்தம்தான். துணி வெட்டுவதில் அவரை மிஞ்ச அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது. எண்பது அடுக்குத் துணியை மேசை மேல் விரித்து, மேல் துணியில் அளவு அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் மிஷினை உள்ளே விட்டால் எண்பது சட்டைக் கைகளும் ஒரே இழுப்பில் வந்துவிடும். நடுவில் மிஷினை நிறுத்தமாட்டார். நிறுத்தினால் விளிம்பு பிசிறடிக்கும் என்பது அவர் கட்சி.

ஆனால் மனுஷன் ஒரு இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடே நின்றுகொண்டுதான். வீட்டுக்கு வந்தால் குளியலறைக் குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பார், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார், சொட்டாத குழாயை மறுபடியும் போய்ப் பார்ப்பார். தப்பித்தவறி உட்கார்ந்துவிட்டால் முழங்கால் தானாக ஆட ஆரம்பிக்கும். மேசை ஆடும், தண்ணீர் தம்ளர் ஆடும்.

"கொஞ்சம் உக்காருங்களேன். நாற்காலி ஒண்ணும் கடிக்காது," என்பாள் மனைவி. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கு, வீட்டில் இப்படிக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட ஒரு ஆளோடு இருபது வருஷக் குடித்தனம். அதற்கே ஒரு பட்டம் கொடுக்கலாம்.

அவரை உட்கார வைக்க உலகத்தில் ஒரே ஒரு ஜீவனால்தான் முடியும். அது பட்டன். பத்து வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் கழிவுத் துணிக் குவியலுக்குள் கிடந்த கறுப்பு நாய்க்குட்டி. கோட்டுக்குப் போடும் பெரிய பட்டன் மாதிரி உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது பதினெட்டுக் கிலோ. தினமும் சாயந்தரம் ஏழு மணிக்கு அவர் எந்த நாற்காலியில் விளிம்பாக உட்கார்ந்திருந்தாலும், பட்டன் வந்து அவருடைய இரண்டு பாதங்களின் மேலும் குறுக்கே படுத்துக்கொள்ளும். பதினெட்டுக் கிலோவைத் தள்ள அவருக்கு மனசு வராது. முழங்கால் ஆட்டம் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆள் சிலைதான்.

மனைவி கெட்டிக்காரி. காலையிலிருந்து சொல்ல நினைத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்து அந்த அரைமணி நேரத்தில்தான் சொல்வாள். மற்ற நேரத்தில் சொன்னால் பாதி வாக்கியத்தில் அவர் குழாயைப் பார்க்கப் போய்விடுவார். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு என்பதே அந்த நாயின் தயவில் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டதும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டனுக்கு நகம் வளர்ந்து, வழுக்குகிற டைல் தரையில் 'டக்டக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு நடந்தது. திரும்பும்போது பின்னங்கால் சறுக்கியது. வழக்கமாக நாய் ஆஸ்பத்திரியில் வெட்டிவிடுவார்கள். ஆனால் அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதா? அவரா? போன தடவை அந்த வராந்தாவில் அவர் நடந்த நடையில் காத்திருந்த பூனைகளெல்லாம் மிரண்டுபோய்விட்டன.

"நானே வெட்டிடறேன். ஊருக்கெல்லாம் வெட்டறேன், இதை வெட்ட மாட்டேனா?" என்று சொல்லி, நாய் நகம் வெட்டும் கட்டர் ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

நாய் நகத்துக்குள் பாதித் தூரம் வரை உயிர்ச்சதை ஓடும். ரத்தமும் நரம்பும் அதற்குள்தான். வெள்ளை நகமாக இருந்தால் அது ரோஜா நிறத்தில் வெளியே தெரியும், அதைத் தொடாமல் வெட்டலாம். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. பட்டனுக்கு முன்னங்கால்களில் ஐந்தைந்தும் பின்னங்கால்களில் நான்கு நான்குமாகப் பதினெட்டு நகம். அதில் இடது முன்னங்காலின் ஓர நகம் ஒன்றுதான் வெள்ளை. மீதிப் பதினேழும் அட்டைக் கறுப்பு.

வேறு யாராக இருந்தாலும் இங்கே கொஞ்சம் பயந்திருப்பார்கள். மாஸ்டர் பயப்படவில்லை. வெள்ளை நகத்தை வெளிச்சத்தில் பிடித்து, சதை எதுவரை ஓடுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு நூலளவு முன்னால் கோடு போட்டார். அந்த அளவுக்கு ஒரு குட்டி அட்டை வெட்டினார். அட்டையை மற்றப் பதினேழு நகத்திலும் வைத்து, பட்டறைச் சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கோடு இழுத்தார். பட்டனும் வாலை ஆட்டிக்கொண்டு கால் காலாக நீட்டியது. அவர் என்ன செய்தாலும் அதற்குச் சம்மதம்தான்.

"இது துணி இல்லைங்க," என்றாள் மனைவி.

"மேல ஒண்ணுல கோடு சரியா இருந்தா கீழ எண்பதும் சரியா இருக்கும். இருபத்திரண்டு வருஷமா வெட்டறேன், எனக்குத் தெரியாதா?"

வெள்ளை நகம் வெட்டினார், சரி. அடுத்தது, சரி. அதற்கடுத்தது, சரி. "பாத்தியா?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நாலாவது நகத்தில் 'டக்' என்ற சத்தத்தோடு பட்டன் போட்ட அலறல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். கோட்டின் மேலேயே ரத்தம் குபுக்கென்று வந்தது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். எந்த முட்டாளும் நிறுத்தியிருப்பான். ஆனால் அந்தக் காலில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. நடுவில் நிறுத்திப் பழகாத கை. நாய் உதற உதற, காலை இறுக்கிப் பிடித்து ஐந்தாவதையும் வெட்டினார். அதிலும் ரத்தம்.

மனைவிதான் ஓடிப்போய் சோள மாவை அள்ளிவந்து நகத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள். ஐந்து நிமிஷத்தில் ரத்தம் நின்றது. பட்டன் கட்டிலுக்கடியில் போய்விட்டது. மாஸ்டர் கையில் கட்டரோடு பேயறைந்தது போல நின்றார். தரையில் மாவும் ரத்தமும் குழைந்து கிடந்தது. அதை அவர்தான் துடைத்தார், மூன்று தடவை.

அன்று ஏழு மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். பட்டன் வரவில்லை. சமையலறை வாசலில் படுத்துக்கொண்டு, அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான். வெட்டாத நகங்களில் அவர் போட்ட சாக்பீஸ் கோடுகள் நாலைந்து நாளைக்கு அழியாமல் இருந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் பம்பரம் நிற்கவே இல்லை. ஏழு மணியானால் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தார். செருப்பு வைக்கும் அலமாரியை ஒரே வாரத்தில் மூன்று தடவை அடுக்கினார். நன்றாக இருந்த பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டார். மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சியது. அந்தத் திருகாணியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார்.

"ஆபீஸ்ல என்கிட்ட ஒண்ணு கேக்கறாங்க," என்று ஒரு நாள் மனைவி ஆரம்பித்தாள்.

"ம், சொல்லு," என்றார். சொல்வதற்குள் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடி ஆரம்பித்தாள். ஜன்னல் கொக்கி. மூன்றாவது தடவை அவர் எழுந்திருக்கக்கூட இல்லை, ஆனால் கண் சமையலறை வாசலில் இருந்த நாய் மேல் இருந்தது. அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நிறுத்தியது அவருக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவள் ஆரம்பிக்கவே இல்லை.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒரு நாள் பட்டனின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தவள், "இங்க வாங்க, சீக்கிரம்!" என்று கூப்பிட்டாள். அவர் எட்டியே நின்று பார்த்தார். வலது முன்னங்காலின் உட்பக்கம், தரையைத் தொடாமல் உயரத்தில் நிற்கிற கட்டைவிரல் நகம், அன்று அவர் கோடு போட்டபோது கடைசியாக வந்த பதினெட்டாவது. நடக்கும்போது தேயாததால் வளர்ந்து, முடிக்குள் மறைந்து, கொக்கி மாதிரி வளைந்து நுனி சதைப் பக்கம் திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஆஸ்பத்திரியில் மேசை மேல் தூக்கி வைத்ததுதான் தாமதம், கட்டரைப் பார்த்த பட்டன் துள்ளியது. இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை. மூச்சிரைக்க ஆரம்பித்தது, நாக்கு நீலம் பாரித்தது. டாக்டரம்மா உடனே எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இதயம் கொஞ்சம் பலவீனமா இருக்கு. மயக்க ஊசி போட்டா அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா முழிப்பானான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இப்படிப் பிடிச்சு அமுக்கறதும் ஆபத்து." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "வீட்டுல யாருக்குக் கால் குடுப்பான்?"

மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"எனக்குக் கை நடுங்கும் டாக்டர்," என்றாள் அவள். "இவருக்குத்தான் குடுத்துட்டிருந்தான்."

"அப்ப நீங்க பண்ணுங்க. பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள முடியலைன்னா வேற வழியில்ல, ஊசிதான்." டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "கறுப்பு நகத்துக்கு அளவு கிடையாது. ஒவ்வொரு நகத்துக்குள்ளயும் சதை ஒவ்வொரு தூரம். காகிதக் கனத்துக்குச் சீவுங்க, வெட்டின முகத்தைப் பாருங்க. நடுவுல சின்னதா, ஈரமா ஒரு புள்ளி தெரிஞ்சா அதோட நிறுத்திடணும். இன்னும் கொஞ்சம்னு ஆசைப்படக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும். அரை நகம்கூடப் போதும்."

"அரை நகமா?" என்றார் மாஸ்டர். அவர் வாழ்க்கையில் எதையும் அரையாக வெட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மேசை டிராயரைத் திறந்து கட்டரை எடுத்தார். டிராயர் சத்தத்துக்கே பட்டன் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அவர் தரையில் குனிந்து கூப்பிட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், வெந்த கோழித்துண்டைக் காட்டினார். உள்ளே இரண்டு கண்கள் மட்டும் மினுங்கின.

மறுநாள் பட்டறையில் மேசை முன்னால் நின்றபோது இடது கை மோதிர விரலைத் தடவிக்கொண்டார். அதற்கு நுனி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிஷின் எடுத்துக்கொண்டது. காயம் ஆறி ஒரு மாதம் ஆகியும் அந்த 'உர்ர்' சத்தம் கேட்டாலே அவருக்கு வியர்த்துக் கொட்டும். அப்போது யாராவது அவர் கையைப் பிடித்து மிஷினில் வைத்திருந்தால் வேலையே வேண்டாமென்று ஓடியிருப்பார். யாரும் பிடிக்கவில்லை. அவர்பாட்டுக்குக் கடைசி மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டார். நாளுக்குக் கொஞ்சமாக ஸ்டூலை முன்னால் நகர்த்தினார். அதெல்லாம் மறந்தே போயிருந்தது. அந்த விரலை வைத்துக்கொண்டே ஒரு நாயின் காலை இறுக்கிப் பிடித்திருக்கிறாரே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. துணி தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயந்தரம் ஒரு தீப்பெட்டியோடு கூடத்தின் கடைசி மூலையில் போய்த் தரையில் உட்கார்ந்தார். கட்டரால் ஒரு தீக்குச்சியை 'டக்' என்று வெட்டினார். ஒரு கோழித்துண்டைத் தூக்கிச் சமையலறை வாசலுக்குப் போட்டார். இன்னொரு டக், இன்னொரு துண்டு. பட்டன் முதல் இரண்டு சத்தத்துக்கு உள்ளே ஓடியது. மூன்றாவதுக்கு எட்டிப் பார்த்தது. நாயைப் பார்க்காமல் தீக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். முழங்கால் ஆடியது. ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடுப்பு பத்த வைக்க ஒரு முழுக் குச்சி இல்ல," என்று மறுநாள் காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது. "எல்லாத்துக்கும் தலையை எடுத்து வச்சிருக்கீங்க!"

நாலாம் நாள் பட்டன் அவருக்கு இரண்டு டைல் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று கையை நீட்டிக் காலைத் தொட்டார். அவ்வளவுதான். மறுபடி கட்டிலடி. ஐந்தாம் நாள் முழுக்க அது அவர் பக்கம் வரவே இல்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்தார். கூடத்துக்கும் பால்கனிக்கும், பால்கனியிலிருந்து கூடத்துக்கும்.

"இன்னும் அஞ்சே நாள். இது நடக்காது. ஊசி போட்டுடலாம்," என்றார்.

மனைவிக்கு வந்ததே கோபம்! "ஊசியாம் ஊசி. அது முழிக்கலைன்னா யாரு பதில் சொல்றது? அவன் வரும்போது வரட்டும். நீங்க போகாதீங்க, அவ்வளவுதான். ஒரு மனுஷன் சும்மா உக்காந்திருக்கறது அவ்வளவு கஷ்டமா? போய் உக்காருங்க!"

இருபது வருஷத்தில் அவள் இப்படிக் கத்தியதில்லை. அவர் போய் உட்கார்ந்தார். உட்கார முடியாதவர்களுக்குத்தான் தெரியும், அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று. குழாய் சொட்டுவது போலவே இருந்தது. உண்மையாகவே சொட்டுகிறதோ? கொக்கி போட்டோமா? பட்டறையில் நாளைக்கு எத்தனை அடுக்கு? உடம்பு முழுக்க எறும்பு ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டக், ஒரு துண்டு. டக், ஒரு துண்டு.

ஏழாம் நாள் பட்டன் அவர் முழங்காலில் மோவாயை வைத்தது. அவர் மூச்சுகூட விடவில்லை. எட்டாம் நாள் கட்டரின் தட்டைப் பக்கத்தால் நகத்தை மெல்லத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் பின்னங்காலில் ஒரு நகத்தின் நுனியில் காகிதக் கனத்துக்குச் சீவினார். அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டரை டிராயரில் வைத்து மூடிவிட்டார்.

பத்தாம் நாள் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நகத்தின் நுனிக்கும் சதைக்கும் நடுவில் ஒரு தலைமுடி போகும், அவ்வளவுதான் இடம். மாஸ்டர் பட்டறைக்கு அரைநாள் விடுப்பு சொன்னார். அவர் விடுப்பு கேட்டதை நம்பாமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் சோள மாவு ஒரு கிண்ணத்தில் தயாராக இருந்தது. மனைவி ஒரு கரண்டியில் கோழி வேகவைத்த தண்ணீரைப் பிடித்திருந்தாள். பட்டன் வந்தது. வந்து நக்க ஆரம்பித்தது. அவர் வலது முன்னங்காலுக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்தார். பிடிக்கவில்லை, வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கால் தானாக அதில் இறங்கியது.

முடியை ஒதுக்கி, கொக்கி நுனியில் காகிதக் கனம் சீவினார். டக். பட்டன் நக்குவதை நிறுத்தி அவரைப் பார்த்தது. அவர் காத்திருந்தார். மறுபடி நக்கியது. டக். வெட்டின முகம் வறண்டு வெளுத்திருந்தது. டக். டக். நாலாவது சீவலில் வளைந்த நுனி தெறித்து விழுந்தது. நகம் இப்போது சதையைப் பார்க்கவில்லை. இன்னொன்று சீவினார். வெட்டின முகத்தின் நடுவில், குண்டூசித் தலையில் பாதி இருக்கும், ஈரமாக ஒரு புள்ளி.

நகம் இன்னும் நீளமாகத்தான் இருந்தது. விளிம்பு கோணல்மாணலாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. இன்னும் ஒரே ஒரு வெட்டு. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வேலை சுத்தமாக முடிந்துவிடும். இருபத்திரண்டு வருஷக் கை அரித்தது. கட்டரின் வாய் மறுபடி நகத்தைத் தொட்டுவிட்டது.

பட்டன் காலை இழுக்கவில்லை. அப்படியே விட்டுவைத்திருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

கட்டரைத் தரையில் வைத்துக் கைக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டார். "போதும்," என்றார். "ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடு. ஊசி வேணாம்."

அவள் ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு வந்து பார்த்தபோது, பட்டன் இரண்டு சுற்றுச் சுற்றி, நீட்டியிருந்த அவர் பாதங்களின் மேல் பதினெட்டுக் கிலோவையும் இறக்கிப் படுத்திருந்தது. காலை பத்தரை மணிக்கு. அது அங்கே படுத்து இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

மேசை மேல் அவருடைய போன் அடித்தது. பட்டறையிலிருந்துதான். விடுப்பு சொல்லியும் எப்படியும் வந்துவிடுவார் என்று துணியை விரித்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் அசையவில்லை. மனைவிதான் எடுத்தாள்.

"மாஸ்டர் இருக்காராம்மா?" என்றது சூப்பர்வைசரின் குரல், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"இருக்கார். ஆனா இப்ப வர முடியாது."

"ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கார். உக்காந்திருக்கார்."

"யாரு, நம்ம மாஸ்டரா?"

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். கரண்டியை இன்னும் கையில் வைத்திருந்தாள். குளியலறையில் குழாய் இப்போது உண்மையாகவே சொட்டிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உங்க ஆபீஸ்ல என்னமோ கேக்கறாங்கன்னு சொன்னியே," என்றார். "என்னம்மா கேக்கறாங்க?"